பெயர் வெட்டிய கிண்ணம்

அம்பத்தூரைத் தாண்டி ஆவடிக்குப் போகும் வழியில் இருக்கிற திருமுல்லைவாயிலில், மாசிலாமணீசுவரர் கோயில் மூலவரின் திருமேனியில் ஒரு வெட்டுக்காயம் உண்டு. யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, மன்னன் தொண்டைமான் வாளை உருவிக் கொடியை அரிந்தான், உள்ளே இருந்த லிங்கத்தில் வாள் பட்டு ரத்தம் பெருகியது என்கிறது தலபுராணம். அந்தக் காயத்துக்காக ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தன்றுதான் அதைக் களைந்து புதிதாகச் சாத்துவார்கள். வெட்டுப்பட்ட இந்தச் சிவனுக்கு வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: மாசிலாமணி, மாசே இல்லாத மணி. கருவறை முன்னால் நிற்கும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டும் தொண்டைமான் குறும்பரை வென்று அவர்கள் கோட்டையிலிருந்து கொண்டுவந்தவை என்பார்கள். எங்கோ ஒரு கோட்டையில் இருந்த சாமான் இங்கே சந்நிதிச் சாமானாகிவிட்டது. இப்போது யாரும் அதைக் குறும்பர் தூண் என்று பிரித்துச் சொல்வதில்லை.

பழைய ஐரோப்பிய வெள்ளிச் சாமான், பீங்கான், சரவிளக்கு, எனாமல் தட்டு என்று தேடிச் சேகரிப்பவர்கள் இதற்கு நேர்மாறான கணக்கு வைத்திருக்கிறார்கள். கையில் எடுத்ததும் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள். மூளி இருந்தால் விலை பாதி. தம்ளரில் பெயர் வெட்டியிருந்தால் முகம் சுளிப்பார்கள். கடைக்காரர் உடனே, "அதைத் தேய்ச்சு எடுத்துரலாம் சார்" என்பார். எந்த நாடு, எந்த ஆலை, எந்த ஆண்டு என்று அடியில் இருக்கும் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறவர், அதே அடிப்பக்கத்தில் இருக்கும் தமிழ் எழுத்து இரண்டைக் கறையாகத்தான் பார்க்கிறார். இந்தப் பழக்கம் தவறு. தமிழ்நாட்டு வீடுகளில் நூறு வருஷம் புழங்கிய ஐரோப்பியச் சாமானில் ஐரோப்பா போட்ட முத்திரை பாதிக் கதை. மீதியை அந்த வெட்டும் மூளியும் வீட்டுப் பெயரும்தான் சொல்லும், அதைச் சொல்லும் புத்தகம் லண்டனிலும் கிடையாது, பெர்லினிலும் கிடையாது.

திருமுல்லைவாயில் அடுக்குமாடிக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சி.டி.எச். சாலையின் இருபுறமும் பட்டறைகள், ஆலைகள், சிட்கோ பேட்டைகள். இது பீங்கான் சேகரிக்கிற ஊரா? ஆனால் இந்தப் புறநகர் எழுந்த பணத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால், அந்தச் சாமான்கள் வந்த அதே கப்பலில் போய் ஏறுவோம். பள்ளத்தூரைச் சேர்ந்த முருகப்பா குடும்பம் 1900-இல் பர்மாவின் மோல்மீனில் வட்டிக்கடை வைத்தது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே, 1930-களில், முதலை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியது. 1949-இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் சைக்கிள் ஆலை தொடங்கியது. அந்த ஆங்கில நிறுவனத்தின் தலைவர் பெயரில்தான் அம்பத்தூரின் சர் ஐவன் ஸ்டெட்ஃபர்ட் மருத்துவமனை இன்றும் நடக்கிறது. 'ஏ.எம்.எம்.' என்று அந்தக் குடும்பத்தார் பெயருக்கு முன்னால் போடுகிற எழுத்துகளை நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், 'விலாசம்' என்பார்கள். கடைக்கும் விலாசம், வீட்டுக்கும் விலாசம், கடைசியில் பாத்திரத்துக்கும் அதே விலாசம். கடல் கடந்து கொண்டுவிக்கப் போன தலைமுறை சீமைச் சாமான் கொண்டுவந்தது, அடுத்த தலைமுறை சீமை இயந்திரம் கொண்டுவந்தது. செட்டிநாட்டு வளவையும் அம்பத்தூர் ஆலைக் கொட்டகையையும் தனித்தனிக் கதையாகப் படிப்பது நம் சௌகரியத்துக்காகத்தான்.

ஐரோப்பியச் சாமான் நம் வீட்டுக்குள் வந்தது வெள்ளைக்காரன் ஆட்சியோடு தொடங்கியதும் அல்ல. நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் அரண்மனையில் எரிவது யவனர் செய்த பாவை விளக்கு. பெரும்பாணாற்றுப்படையில், யவனரின் அன்ன விளக்கு உவமையாகவே வந்துவிடுகிறது. எல்லோரும் பார்த்துப் பழகிய பொருளைத்தான் புலவர் உவமை சொல்ல எடுப்பார். அந்தப் பாட்டின் தலைவனும் ஒரு தொண்டைமான், இளந்திரையன். (திருமுல்லைவாயில் தொண்டைமானும் அவனும் ஒருவரா என்பது வேறு சண்டை.) 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும் இத்தாலியில் வனைந்த அரெட்டைன் தட்டுகளின் உடைசல்களும் கிடைத்தன. பிறகு வந்த போர்த்துக்கீசியர் மேசையும் அலமாரியும் சாவியும் கோப்பையும் ஜன்னலும் கொடுத்துவிட்டுப் போனார்கள். பொருளோடு சொல்லும் வந்து தங்கிவிட்டது. 'பீரோ' பிரெஞ்சு என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலையில் அடித்த இரும்புப் பெட்டிக்கும் அதுதான் பெயர். சொல்லுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டுச் சாமானை மட்டும் இன்னும் விருந்தாளி போல ஷோகேஸில் நிறுத்திவைப்பது எந்த நியாயம்?

செட்டிநாட்டை எடுத்துக்கொள்வோம், சாட்சி அங்கேதான் மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை அங்கே எழுந்த வீடுகளில் பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, பர்மிங்காம் இரும்பு எல்லாம் இறங்கின. முகப்பில் சரவிளக்கு தொங்கும். உள்கட்டில் அடுக்கடுக்காக எனாமல் தூக்கும் தட்டும். சுவீடனின் கொக்கும்ஸ் ஆலை முத்திரையுள்ள எனாமல் சாமான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இன்றும் தட்டுப்படும். செக்கோஸ்லோவாகியா, ஜப்பான் என்று மற்ற முத்திரைகளும் உண்டு. இவற்றையெல்லாம் யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தார்கள், கல்யாணத்தில் சாமான் பரப்பி ஊர் பார்க்க வைத்தார்கள், பிறகு முறுக்கும் சீடையும் போட்டு மூடினார்கள். டேனிஷ் வெண்ணெய்க்காகச் செய்த டப்பாவில் மாவடு ஊறினால் அது எந்த நாட்டு டப்பா? ஐரோப்பிய ஆலைக்காரன் நினைத்தே பார்க்காத வேலையைத்தான் அந்தப் பாத்திரங்கள் இங்கே வாழ்நாள் முழுக்கச் செய்தன.

முத்திரைகளைக் கழித்துப் பேசவில்லை. முத்திரை படிக்கத் தெரியாமல் சேகரிக்க இறங்குகிறவர் கையைச் சுட்டுக்கொள்வார். ஆங்கில வெள்ளியில் நடக்கும் சிங்கம் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை பங்கு வெள்ளி. கூடவே சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில் சோதித்தது, நங்கூரம் என்றால் பர்மிங்காம், கிரீடம் என்றால் பெரும்பாலும் ஷெஃபீல்டு. ராஜா அல்லது ராணி தலை இருந்தால் பெரும்பாலும் அது வரி கட்டியதற்கு அடையாளம், 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது. பிரெஞ்சு வெள்ளியில் மினர்வா தேவதையின் தலை, ஜெர்மன் வெள்ளியில் பிறையும் கிரீடமும் 800 என்ற எண்ணும். இதெல்லாம் இல்லாமல் ஈ.பி.என்.எஸ். என்று நான்கு எழுத்து மட்டும் இருந்தால் அது வெள்ளி முலாம். 1840-இல் எல்கிங்டன் காப்புரிமை வாங்கிய மின்முலாம் பூச்சு, உள்ளே நிக்கல் கலந்த உலோகம். இன்று வளைகாப்புக்கும் நவராத்திரிக்கும் தாம்பூலத்தோடு கொடுக்கும் 'ஜெர்மன் சில்வர்' தட்டும் அந்தக் குடும்பத்துச் சரக்குதான். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் அதில் உண்டு, சில்வர் மட்டும் கிடையாது. பீங்கானில் 'செக்கோஸ்லோவாகியா' என்று இருந்தால் 1918-க்கு முந்தையதாக இருக்கவே முடியாது, அந்த நாடே அப்போதுதான் பிறந்தது. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949-க்குப் பிறகு. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்றால் போர் முடிந்த சில வருஷங்களுக்குள். இருநூறு வருஷப் பழசு என்று சத்தியம் பண்ணும் கடைக்காரரிடம் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குவது நல்லது.

ஆனால் முத்திரையே எல்லாம் என்று நம்புகிறவருக்கு ஐரோப்பாவின் தலையாய பீங்கான் ஆலையே ஒரு பாடம் வைத்திருக்கிறது. சாக்சனியின் மைசென் ஆலை 1710-இல் தொடங்கியது. ஐரோப்பாவில் கெட்டிப் பீங்கான் செய்த முதல் ஆலை அதுதான். அதன் முத்திரை நீல நிறத்தில் குறுக்கிட்ட இரண்டு வாள். உலகத்திலேயே அதிகம் திருடப்பட்ட முத்திரைகளில் அது ஒன்று. அதே போல் இரண்டு கோடு போட்டு விற்ற ஆலைகள் ஏராளம். நிஜ மைசென் ஆலையோ, சூளையில் சிறு குறை விழுந்த சரக்கை உடைக்காமல், வாள்களின் மேல் ஒரு வெட்டுக்கோடு போட்டு இரண்டாந்தரம் என்று வெளியே விடும். குறை கூடக் கூடக் கோடும் கூடும். அந்த வெட்டைப் பார்த்ததும் அறிந்தவர் புரிந்துகொள்வது இரண்டு: இதில் குறை உண்டு, இந்தக் குறையை ஆலை பார்த்துச் சொல்லியிருக்கிறது. வாள்மேல் விழுந்த வெட்டு அந்தத் தட்டின் வரலாற்றில் ஒரு வரி.

நம் வீட்டு வெட்டும் அப்படித்தான். பாத்திரக் கடை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிற்றுளியும் சுத்தியலுமாகப் பெயர் வெட்டுகிறவரைப் பார்க்காத தமிழர் குறைவு. இப்போது கையில் மின்சார ஊசி வந்துவிட்டது, எழுத்து கோழி கிண்டியது போல இருக்கிறது. பழைய வெட்டு வேறு ஜாதி. ஒரு வெள்ளிக் கிண்ணத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். உதட்டுக்குக் கீழே ஒரு விரல் தள்ளி, புள்ளி புள்ளியாக எழுத்து ஓடும். ஒவ்வொரு புள்ளியும் உளியின் ஓர் அடி. உள்பக்கம் விரலை வைத்தால் அந்த அடியின் மேடு லேசாக உறுத்தும். விலாசம், பெயர், சில கிண்ணங்களில் தேதி, என்ன விசேஷம் என்ற குறிப்பு, எடை. பிள்ளைக்குப் பால் புகட்டிய கிண்ணம் என்றால் விளிம்பில் ஓர் ஓரம் மட்டும் மெலிந்து வழவழவென்று இருக்கும், பாலாடை சாய்ந்த பக்கம் அது. பீங்கானில் உளி இறங்காது, எனாமலில் இறங்கினால் பூச்சு தெறித்துவிடும். அதனால் தட்டின் அடியில் பெயிண்டால் இரண்டெழுத்து எழுதிவைப்பார்கள், விசேஷ வீட்டுக்கு இரவல் போனால் திரும்பி வரவேண்டுமே. அந்த எழுத்தைக் கரைப்பான் தொட்டுத் துடைத்து எடுக்க அரை நிமிஷம் போதும். துடைத்தபின் மிஞ்சுவது ஸ்டாக்ஹோமில் தெருவோரச் சந்தையிலும் கிடைக்கும் ஒரு தட்டு.

சந்தைக்காரர் மறுப்பார். பெயர் வெட்டியதை வெளியூர் வாடிக்கையாளர் வாங்கமாட்டார், இது ரசனை விஷயம் இல்லை, வியாபாரம் என்பார். வியாபாரமாகவே பேசுவோம். ஆங்கில வெள்ளிச் சந்தையில் பிரபுக்களின் குலச்சின்னம் பொறித்த தட்டுக்கு, அந்தக் குடும்பம் யாரென்று தெரிந்தால், விலை கூடும். சின்னத்தைத் தேய்த்து அழித்த தட்டைத்தான் ஊனம் என்று ஒதுக்குவார்கள். தேய்த்த இடத்தில் தகடு மெலிந்து காட்டிக்கொடுத்துவிடும். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆர்க்காட்டு நவாபுகளும் புழங்கிய பீங்கான் இருக்கிறது. அதைப் பார்க்கப் போகிறவர் தட்டின் அழகுக்காக மட்டுமா போகிறார்? யாருடைய சாப்பாட்டு மேசையில் இருந்தது என்பதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. சீமைப் பிரபுவின் சின்னம் என்றால் வரலாறு, தேவகோட்டை ஆச்சியின் பெயர் என்றால் கறை என்பது சந்தையின் விதி அல்ல. நம் கூச்சம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. அடிமைப்பட்டுக் கிடந்த காலத்தில் பணக்காரர்கள் ஆண்டானைப் பார்த்து வாங்கிய ஆடம்பரம் இது, இதற்கு என்ன புகழ்ச்சி என்று கேட்பார்கள். புகழ்ச்சிக்கு இதை எழுதவில்லை. சொல்லப்போனால் கேள்வி இன்னும் ஆழமானது. அந்தச் சரவிளக்குக்குப் பணம் பர்மியக் குடியானவரின் வட்டியிலிருந்து வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன்கள் மூழ்கியபின் 1938-இல் 25 பங்கு. நிலத்தைத் தேடிப் போனவர்கள் இல்லை, கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது என்று அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. நிலம் இழந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. 1942-இல் ஜப்பான் படை நுழைந்தது, பிறகு பர்மா சுதந்திரமடைந்து நிலத்தைத் தேசியமயமாக்கியது, செட்டிநாட்டில் சாமான் வாங்குவது நின்று சாமான் விற்பது தொடங்கியது. இத்தனையும் ஒரு தட்டுக்குப் பின்னால் இருக்கிறது. தட்டு சீமைத் தட்டாக மட்டும் இருந்தால் இந்தக் கணக்கு எங்கும் பதியாது. எந்த விலாசம், எந்தக் கடை, எந்த ஊர் என்று எழுதியிருந்தால்தான் கேள்வி கேட்கவாவது ஓர் ஆள் கிடைக்கும். குற்றம் சாட்டுகிறவருக்கும் பெயர் வெட்டு வேண்டும்.

ஐரோப்பியச் சாமானைக் கொண்டாடினால் நம் ஆசாரிகளை மறந்துபோவோம் என்ற கவலைக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மவுண்ட் ரோட்டு பி.ஆர் அண்ட் சன்ஸ் கடை, இன்று நாம் கடிகாரக் கடை என்று அறிந்தது, 'சாமி வெள்ளி' என்ற ரகத்துக்குப் பெயர்பெற்றிருந்தது. உருவம் விக்டோரியா காலத்துத் தேநீர்ச் சட்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம். உடம்பு முழுக்க நம் சாமிகள், ஒவ்வொருவரும் தனித் தனி மாடத்தில், புடைப்பு வேலையாக. கோபுரத்துச் சுதைச் சிற்பத்தைத் தேநீர்ச் சட்டிக்குச் சுற்றியது போல இருக்கும். (அழகா என்றால், எனக்கு அந்த நெரிசல் கொஞ்சம் மூச்சு முட்டும்.) அதைத் தட்டியது உள்ளூர்க் கை, வாங்கியது ஆங்கிலேயர், இன்று லண்டன் ஏலத்தில் அது 'மெட்ராஸ் வெள்ளி'. அங்கே போன தேநீர்ச் சட்டி மெட்ராஸாகவே இருக்கிறது, இங்கே வந்த தட்டு மட்டும் ஏன் கடைசிவரை சுவீடனாக இருக்கவேண்டும்? ஆத்தங்குடிக் கல்லையும் பாருங்கள். வெளியிலிருந்து வந்த பூக்கல்லைப் பார்த்த ஊர், கண்ணாடிமேல் சிமென்ட் வார்த்துத் தன் கையாலேயே செய்ய ஆரம்பித்தது. சீமைச் சாமான் இங்கே தொழிலைக் கொன்ற இடங்கள் உண்டு. தொழிலுக்குக் கண் திறந்த இடமும் இது போல உண்டு.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே தராசு வேலை செய்துகொண்டிருக்கிறது. 1980 ஜனவரியில் ஹன்ட் சகோதரர்கள் உலக வெள்ளியைச் சுருட்ட முயன்று விலை அவுன்சுக்கு 50 டாலரைத் தொட்டபோது, மேலை நாடுகளில் தாத்தா காலத்துக் கரண்டிகளும் தட்டுகளும் குவியல் குவியலாக உருக்கு உலைக்குப் போயின. நம் ஊரில் அதற்கு ஹன்ட் சகோதரர்கள் தேவையில்லை. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழையதைப் போட்டுப் புதியது எடுப்பது நடக்கிறது. கிண்ணம் தட்டில் விழுந்ததும் எடை, தரம், கழிவு என்று மூன்று எண்ணாக மாறிவிடும். பெயர் வெட்டியதில் உதிர்ந்த துகள் அன்றைக்கே ஆசாரியின் துணியில் போய்விட்டது, அதற்குக் காசு இல்லை. ஊர் வீட்டைப் பங்கு பிரித்து, திருமுல்லைவாயிலில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு அடுக்குத் தூக்கையும் சாப்பாட்டுத் தட்டுக் கட்டையும் வைக்க இடம் இல்லை என்பதும் நிஜம். எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்வது வீண் பேச்சு. விற்கலாம், கொடுக்கலாம். எது எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுப்பதற்கு மட்டும் சதுர அடி தேவையில்லை.

சட்டமும் ஓசையில்லாமல் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1972-இல் இயற்றி 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருளையும் வரலாற்று மதிப்புள்ள பொருளையும் தொல்பொருள் என்கிறது. கையெழுத்துச் சுவடி என்றால் 75 ஆண்டே போதும். அதில் தனியார் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அந்த வரையறையில் பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற நிபந்தனை இல்லை. செக்கோஸ்லோவாகியா முத்திரைச் சாமானில் முதல் வருஷங்களில் வந்தது நூறைத் தாண்டிவிட்டது, அடுத்தடுத்து வந்தவை வருஷத்துக்கு ஒரு வரிசையாகத் தாண்டிக்கொண்டிருக்கின்றன, ஷோகேஸ்காரருக்கே தெரியாமல். நூறு ஆனதா என்பதை முத்திரை ஓரளவு சொல்லிவிடும். வரலாற்று மதிப்பு உண்டா என்று அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு சீர்ப் பட்டியல், ஒரு கல்யாணப் புகைப்படத்தில் பின்னால் தெரியும் சாமான் வரிசை, அடியில் பெயிண்டால் எழுதிய இரண்டெழுத்து. அந்த எழுத்து யாருடையது என்று கேட்டால் சொல்லத் தெரிந்த பெரியம்மாக்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு காகிதத்தில் எழுதிக் கிண்ணத்துக்குள் போட்டுவைக்க இந்த ஞாயிற்றுக்கிழமை போதும்.